ஒயிட்போர்டு அனிமேஷன் வீடியோ செய்வது எப்படி: ஸ்கிரிப்ட் முதல் எக்ஸ்போர்ட் வரை

வெள்ளைத் திரையில் ஒரு கை படம் வரைந்துகொண்டே போக, குரல் அதை விளக்கும் வீடியோதான் ஒயிட்போர்டு வீடியோ. அதைச் செய்ய உட்காரும் பலரும் முதலில் திறப்பது மென்பொருளைத்தான். அதில் இருக்கும் படங்களை இழுத்துப் போட்டு, கை வரைவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பாதி வீடியோ முடிந்த பிறகு குரலைப் பதிவு செய்து பொருத்தப் பார்க்கிறார்கள். அங்கேதான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. குரல் தேங்காய்ச் சிரட்டைக்கு வந்திருக்கும், கை இன்னும் பூந்தொட்டியை வரைந்துகொண்டிருக்கும். இந்த வகை வீடியோவில் பார்ப்பவரின் கண் கையின் பின்னாலேயே போகும். கை ஒன்றைக் காட்ட, குரல் வேறொன்றைச் சொன்னால் இரண்டுமே மனதில் நிற்காது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்: குரல் முதலில், படம் அதன் பின்னால்.

விளக்க வசதிக்காக ஒரே உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். "டெங்கு கொசு எங்கே வளர்கிறது?" என்ற 2 நிமிட வீடியோ, பள்ளி வகுப்பிலும் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் காட்டக்கூடியது.

1. கையில் இருக்க வேண்டியவை

கணினியில் நான்கு மென்பொருள்கள் போதும். படம் வரைய இங்க்ஸ்கேப், குரலுக்கு ஆடாசிட்டி, இரண்டும் இலவசம். கை வரைவது போலக் காட்ட வீடியோஸ்கிரைப், டூட்லி போன்ற ஒன்று. இவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் ஒட்ட ஒரு எடிட்டர்: கேடென்லைவ், அல்லது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. பென் டேப்லெட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மவுஸ் போதும்.

பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். சோதனைப் பதிப்பை இறக்கி, அதில் "கொசு", "கோடை", "பௌர்ணமி" என்று மூன்று சொல்லைத் தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றாலோ, புள்ளி வட்டம் எட்டிப் பார்த்தாலோ, அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. அதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை, 7வது படியில் மாற்று வழி இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு ஃபோல்டர். அதற்குள் காட்சி 1, காட்சி 2 என்று தனித்தனி ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் அந்தக் காட்சியின் குரலும் படங்களும் மட்டும் இருக்கட்டும். இந்தப் பிரிப்பு எதற்கு என்பது நேரக் கணக்குக்கு வரும்போது புரியும்.

2. ஸ்கிரிப்ட் எழுதுங்கள், வாய்விட்டுப் படியுங்கள்

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "கவிழ்த்துவிடுங்கள்" என்பது எண்ணிக்கையில் ஒரு சொல்தான், சொல்ல எவ்வளவு நேரமாகிறது பாருங்கள். நிதானமாக, கேட்பவருக்குப் புரியும்படி பேசினால் நிமிடத்துக்கு 90 சொல் அளவில்தான் வரும். அதாவது 2 நிமிட வீடியோவுக்கு ஏறத்தாழ 180 சொல். ஆங்கில வழிகாட்டிகள் சொல்லும் 130, 150 கணக்கை வைத்து எழுதினால் வீடியோ ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு நீளும், அல்லது மூச்சு விடாமல் படிக்க வேண்டி வரும்.

எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்திடமும் "இதை வரைய முடியுமா?" என்று கேளுங்கள். "டெங்கு பரவலைத் தடுப்பதில் சுற்றுப்புறத் தூய்மை முக்கியப் பங்கு வகிக்கிறது" என்ற வாக்கியத்துக்கு என்ன வரைவீர்கள்? ஒன்றும் வராது. "வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்" என்று எழுதினால் டிரம், பிரஷ், கை என மூன்று படம் தானாகக் கிடைக்கிறது. வரைய முடியாத வாக்கியங்கள்தான் பெரும்பாலும் கேட்பவருக்கும் தேவைப்படாதவை. தயங்காமல் வெட்டுங்கள்.

தகவலைச் சரிபார்க்கும் இடமும் இதுதான். வரைந்த பிறகு தவறு தெரிந்தால் படத்தையும் குரலையும் சேர்த்து மாற்ற வேண்டும். டெங்கு வீடியோக்களில் அடிக்கடி பார்க்கும் பிழை, முட்டைகள் தண்ணீரில் மிதப்பது போல வரைவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டிய ஈரமான இடத்தில். முட்டை அங்கேயே ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும் என்கிறோம். முட்டையை மிதக்கவிட்டு வரைந்துவிட்டு, குரலில் "தேய்த்துக் கழுவுங்கள்" என்றால் ஏன் தேய்க்க வேண்டும் என்று பார்ப்பவருக்குப் புரியவே புரியாது.

3. குரலை இப்போதே பதிவு செய்யுங்கள்

வீடியோவின் ஒவ்வொரு விநாடியையும் அளக்கப்போகும் அளவுகோல் குரல்தான். அதனால் படம் ஒன்றுகூட வரையும் முன் இது முடிந்திருக்க வேண்டும்.

ஃபேனை நிறுத்துங்கள். துணி, மெத்தை, திரைச்சீலை அதிகமுள்ள அறை எதிரொலிக்காது. போனையோ மைக்கையோ, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். "ப" வரும்போது காற்று நேரே மைக்கில் மோதாது. பேசத் தொடங்கும் முன் சில விநாடிகள் சும்மா இருங்கள். அந்த மௌனத்தை ஆடாசிட்டியில் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனில் அறைச் சத்தத்தின் மாதிரியாகக் கொடுத்து, பிறகு முழுப் பதிவிலும் ஓட்டலாம். அளவோடு குறையுங்கள். 12 டெசிபலைத் தாண்டினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும்.

ஒரு வாக்கியம் தடுமாறினால் நிறுத்தாமல், ஒரு மூச்சு விட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். சொல்லின் நடுவில் ஒட்டினால் தையல் தெரியும், வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒட்டினால் தெரியாது. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் ஒரு விநாடி மௌனம் விடுங்கள். வெட்டி முடித்ததும் காட்சிவாரியாகத் தனித்தனி வேவ் ஃபைலாகச் சேமியுங்கள்.

4. பென்சில் ஸ்டோரிபோர்டு

ஸ்டோரிபோர்டு என்பது காட்சிகளை முன்கூட்டியே தாளில் போட்டுப் பார்ப்பது. நோட்டில் காட்சிக்கு ஒரு கட்டம். அழகு வேண்டாம், குச்சி மனிதர்கள் போதும். தீர்மானிக்க வேண்டியது எது எங்கே வருகிறது என்பது மட்டும்தான். நம் வீடியோவின் இரண்டாம் காட்சியில் நான்கு பொருள்கள்: தொட்டித் தட்டு, சிரட்டை, பழைய டயர், மூடாத டிரம். நான்கும் ஒரே திரையில், இடமிருந்து வலமாக வரட்டும். நாம் படிக்கும் திசை அதுதான் என்பதால், அடுத்தது எங்கே வரும் என்று கண் தேட வேண்டியிருக்காது.

திரைக்கு நான்கு அல்லது ஐந்து பொருள் என்பதே மேல் எல்லை. வீடியோ பெரும்பாலும் போனில்தான் ஓடும். ஸ்டோரிபோர்டுக் கட்டத்தை உள்ளங்கை அகலத்துக்கு மேல் வரையாதீர்கள். அந்த அளவில் புரியாத படம் போனிலும் புரியாது.

5. படத்தைக் கோடுகளாக வரையுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் படி இது.

இணையத்தில் எடுத்த ஜேபெக், பிஎன்ஜி படங்களை மென்பொருளில் போட்டால், கை குறுக்கும் நெடுக்குமாகத் துடைக்க, படம் மெல்ல வெளிப்படும். வரைவது போலவே இருக்காது. கை உண்மையில் கோட்டின் மேல் போக வேண்டுமானால் எஸ்விஜி ஃபைல் வேண்டும், ஏனென்றால் அதில்தான் ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரம் இருக்கிறது.

சரி என்று இங்க்ஸ்கேப்பின் ட்ரேஸ் பிட்மேப்பில் ஒரு படத்தைக் கொடுத்து எஸ்விஜி ஆக்குகிறார்கள். ஓட்டிப் பார்த்தால் கை ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை சுற்றுகிறது. காரணம் இதுதான்: சாதாரண ட்ரேஸுக்குக் கறுப்புக் கோடு ஒரு கோடு அல்ல, மெல்லிய கறுப்புப் பட்டை. பட்டையின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டையும் அது எல்லையாகப் பதிகிறது. கை இரண்டு விளிம்பிலும் நடக்கிறது. இங்க்ஸ்கேப் 1.0 முதல் அதே பெட்டியில் சென்டர்லைன் என்ற வழி இருக்கிறது. அது பட்டையின் நடுவே ஒற்றைக் கோடு போடும். எளிய கோட்டுப் படத்துக்கு ஓரளவு உதவும், பிறகு பாத் மெனுவில் சிம்ப்ளிஃபை கொடுத்து அதிகப்படியான புள்ளிகளைக் குறைக்க வேண்டும்.

ஆனாலும் நான் பரிந்துரைப்பது நீங்களே மேலே வரைவதைத்தான். உங்கள் பென்சில் படத்தைப் போனில் எடுத்து இங்க்ஸ்கேப்பில் ஒரு லேயரில் (அடுக்கில்) வைத்துப் பூட்டுங்கள். அதன் மேல் புது லேயர். பென் அல்லது பென்சில் டூலால், ஃபில் (உள்நிறம்) இல்லாமல், ஸ்ட்ரோக் (கோடு) மட்டும் வைத்து வரையுங்கள். பென்சில் டூலில் ஸ்மூத்திங்கைக் கொஞ்சம் கூட்டினால் மவுஸ் நடுக்கம் தெரியாது. 1920 பிக்சல் அகலத் திரைக்குக் கோட்டின் தடிமன் 6 முதல் 8 பிக்சல் வரை. முடிந்ததும் கீழ் லேயரை அழித்துவிட்டு, பிளெயின் எஸ்விஜியாகச் சேமியுங்கள். அழிக்க மறந்தால் அந்தப் போட்டோவும் சேர்ந்தே வீடியோவுக்குள் போய்விடும்.

மற்றவர் வரைந்த படத்தின் மேல் கோடு இழுப்பதைத் தவிருங்கள். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பல இடங்களிலிருந்து எடுத்த படங்களின் கோடு ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும். ஒரே கையால் வரைந்த சுமாரான படங்கள் ஒரு வீடியோவாகத் தெரியும்.

6. எந்தக் கோடு முதலில்?

மென்பொருள் உங்கள் கோடுகளை வரைவது ஃபைலில் இருக்கும் வரிசைப்படி. இங்க்ஸ்கேப்பின் ஆப்ஜெக்ட்ஸ் பேனலில் அடியில் இருப்பது முதலில் வரும், மேலே இருப்பது கடைசியில். இது தெரியாமல் வரைந்தால் கொசுவின் ஒரு கால், பிறகு இறக்கை, பிறகு இன்னொரு கால், பிறகு தலை என்று கை தாவிக்கொண்டே இருக்கும்.

பொதுவான வரிசை: பெரிய வெளிக்கோடு, உள்ளே உள்ள பாகங்கள், சிறு விவரங்கள், நிறம், கடைசியில் பெயர். ஆனால் குரலுக்கேற்ப இதை வளைக்கலாம், வளைக்கவும் வேண்டும். கொசுவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வளைந்த முதுகு, வயிறு, இறக்கை, ஆறு கால். குரல் "காலில் வெள்ளை வரி இருக்கும்" என்று சொல்லும்போது கால்களில் வரிகள். "பகலில் கடிக்கும்" என்னும்போது ஓரத்தில் சூரியன், அப்புறம்தான் கொசுவின் உறிஞ்சுகுழல். ஊசி போன்ற அந்தக் கடைசிக் கோடு "கடிக்கும்" என்ற சொல்லோடு வந்து நின்றால் அதை யாரும் மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு படத்திலும் இப்படி ஒரு கோடு இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கடைசிக்கு ஒதுக்குங்கள்.

கோட்டின் திசையையும் பாருங்கள். நீங்கள் எங்கே தொடங்கினீர்களோ கையும் அங்கேதான் தொடங்கும். கீழிருந்து மேலாக டிரம்மை வரைந்துவிட்டால், கோட்டைத் தேர்ந்தெடுத்துப் பாத் மெனுவில் ரிவர்ஸ் கொடுத்தால் போதும், மறுபடி வரைய வேண்டாம்.

நிறத்துக்கு ஃபில் போட்டால் பல மென்பொருள்களில் கோடு முடிந்ததும் நிறம் பொத்தென்று வந்து விழும். அதற்குப் பதில், தடித்த ஸ்ட்ரோக்கில் சாய்வாக நாலைந்து கோடு இழுத்தால் கை மார்க்கரால் நிறம் தீட்டுவது போலவே இருக்கும். இந்தக் கோடுகள் கடைசியில் வருவதால் கறுப்புக் கோட்டின் மேல் ஏறிவிடும். வெளிக்கோட்டுக்குள் கொஞ்சம் இடைவெளி விட்டே தீட்டுங்கள். நிறம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு ஒரே பொருள் இருக்கட்டும்: நீலம் என்றால் தேங்கிய தண்ணீர், சிவப்பு என்றால் ஆபத்து. சும்மா அழகுக்காகச் சட்டைக்கும் சிவப்பு போட்டால் சிவப்பு சொல்லும் எச்சரிக்கை போய்விடும்.

7. தமிழ் எழுத்து

பலகையில் எழுத்தைக் குறைவாக வையுங்கள். குரல் சொல்லும் வாக்கியத்தையே திரையில் எழுதினால் பார்ப்பவர் படிக்கத் தொடங்கிவிடுவார். படிக்கும் வேகம் ஒன்று, கேட்கும் வேகம் இன்னொன்று. பெயர்ச்சொல், எண், கட்டளைச் சொல் போதும்: "சிரட்டை", "7 முதல் 10 நாள்", "தேய்க்கவும்".

மென்பொருளில் எழுத்து உடைந்தால் இங்க்ஸ்கேப்பில் தட்டி, ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்துக் கொண்டுவரலாம். எழுத்து உடையாது, ஆனால் ட்ரேஸில் பார்த்த அதே தொல்லை: கை எழுத்தின் விளிம்பைச் சுற்றும், எழுதாது. தலைப்பு போன்ற பெரிய எழுத்துக்கு இதைச் சகித்துக்கொள்ளலாம்.

நல்ல வழி கையெழுத்துதான். கவிவனார் (Kavivanar) போல எழுதுகிற சாயல் உள்ள எழுத்துருவில் சொல்லைத் தட்டி, அந்த லேயரைப் பூட்டி, மேலே ஒற்றைக் கோட்டில் எழுதுங்கள், நோட்டில் எழுதும் வரிசையிலேயே. "கொ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். புள்ளி வைத்த எழுத்தில் புள்ளி கடைசியில். தமிழ் எழுதத் தெரிந்த எவருடைய கண்ணும் இதில் தவறு நேர்ந்தால் உடனே கண்டுபிடித்துவிடும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றும்.

திரையில் காட்டும் கை வலது கையாக இருக்கட்டும். இடமிருந்து வலமாக எழுதும்போது இடது கையின் படம் எழுதி முடித்ததையே மறைக்கும். வீடியோ நடுவில் கையை மாற்றவும் வேண்டாம்.

8. நேரக் கணக்கு

இப்போதுதான் ஒயிட்போர்டு மென்பொருளைத் திறக்கிறோம். ஒவ்வொரு படத்துக்கும் பொதுவாக மூன்று நேரம் கொடுக்க வேண்டியிருக்கும்: வரையும் நேரம், வரைந்த பின் நிற்கும் நேரம், அடுத்த படத்துக்கு நகரும் நேரம். மூன்றின் கூட்டல், குரலில் அந்தப் பகுதி எடுக்கும் நேரத்துக்குச் சமமாக வேண்டும்.

இரண்டாம் காட்சியின் குரல் இது: "பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, மொட்டை மாடியில் போட்ட பழைய டயர், மூடாத தண்ணீர் டிரம்." 12 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஆடாசிட்டியில் ஒவ்வொரு பொருளும் எந்த விநாடியில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தட்டு 0, சிரட்டை 3, டயர் 6, டிரம் 9.5 என்று வந்தால், தட்டுக்கு மொத்தம் 3 விநாடி: வரைய 2.5, நிற்க 0.5. ஒரே திரை என்பதால் நகர 0. டயருக்கு 3.5 விநாடி இருக்கிறது, உள்வட்டத்தில் தேங்கிய நீல நீரையும் தீட்ட நேரம் கிடைக்கும். டிரம்முக்கு 2.5 தான், அதனால் அது எளிய உருளையாக இருக்க வேண்டும். இப்படிக் குரல்தான் படத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. அதிக விவரங்களோடு வரைந்த படத்தை 2 விநாடிக்குள் அடைத்தால் கை பதறித் துடிக்கும், எதுவும் கண்ணில் பதியாது. நேரம் போதவில்லை என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள், கோட்டைக் குறையுங்கள்.

கை குரலுக்குச் சற்று முன்னால் தொடங்கலாம், அரை விநாடி வரை. பின்தங்கக் கூடாது. முன்னால் போனால் "என்ன வரையப் போகிறது?" என்ற ஆவல், பின்தங்கினால் குழப்பம்.

இன்னொன்று. இந்த மென்பொருள்களில் ஒரு படத்தின் நேரத்தை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே நகரும். முதல் காட்சியில் அரை விநாடி கூட்டியதற்குக் கடைசிக் காட்சி வரை திருத்த வேண்டி வரும். அதற்காகத்தான் தனித்தனி ஃபோல்டர். ஒவ்வொரு காட்சியையும் தனித் திட்டமாக வைத்து, அதன் குரலோடு பொருத்தி, தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிறகு எடிட்டரில் வரிசையாக ஒட்டுங்கள். இரண்டாம் காட்சியைத் திருத்தினால் இரண்டாம் காட்சி மட்டுமே மாறும்.

9. மென்பொருள் வாங்க முடியாவிட்டால்

போனும் தாளும் போதும். 2, 3, 4 படிகள் அப்படியே. ஏ3 தாளை மேசையில் நான்கு மூலையும் டேப் போட்டு ஒட்டி, போனை நேர் மேலிருந்து பார்க்கும்படி ஸ்டாண்டில் பொருத்துங்கள். கேமராவுக்குத் தெரியாத அளவு மெல்லிய பென்சிலில் படத்தை முன்பே போட்டுவைத்து, மார்க்கரால் மேலே வரைந்தபடி பதிவு செய்யுங்கள். எடிட்டரில் நான்கைந்து மடங்கு வேகமாக்கினால் குரலோடு ஒட்டும்.

போன் கேமராவில் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வெள்ளைச் சமநிலையையும் (நிறச் சாயல்) பூட்டுவது கட்டாயம். பூட்டாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் தாள் நிறம் மாறும். வேகமாக ஓட்டும்போது அது கண்ணைக் கூசவைக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் எல்இடி விளக்கில் விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் திரை துடிக்கலாம். புரோ மோடில் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள். விளக்கை இடப்பக்கம் முன்னாலிருந்து அடித்தால், வலது கையால் வரைபவரின் நிழல் வரையும் இடத்தில் விழாது. உண்மையான வெள்ளைப் பலகையில் விளக்கின் பளபளப்பு விழும் என்பதால் தாளையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

10. ஒட்டுதல், எக்ஸ்போர்ட்

எடிட்டரில் காட்சிகளை வரிசைப்படுத்தி, குரலை ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். யூடியூபுக்கு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவில் வைத்தால் சரியாக இருக்கும். பின்னணி இசை வேண்டுமென்றால் குரலைவிட 18, 20 டெசிபல் குறைவாக, பாடல் வரி இல்லாததாக வையுங்கள். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் உரிமைத் தொல்லையில்லாத இசை கிடைக்கும். மார்க்கர் கீறும் சத்தம் தேவையில்லை, இரண்டு நிமிடம் கேட்டால் எரிச்சல் வரும்.

எக்ஸ்போர்ட் அமைப்பு: எம்பி4, எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 1920க்கு 1080 பிக்சல், விநாடிக்கு எடுத்த அதே ஃபிரேம் எண்ணிக்கை, 8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 8 மெகாபிட்). வெளியிடும் முன் இரண்டு முறை போனில் பாருங்கள். ஒரு முறை சத்தத்தை நிறுத்திவிட்டு: படம் மட்டும் பார்த்து, எந்தெந்தப் பொருளில் தண்ணீர் தேங்குகிறது என்று புரிகிறதா? இன்னொரு முறை திரையைக் கவிழ்த்துவைத்து: குரல் மட்டும் கேட்டு, என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறதா? ஏதாவது ஒன்றில் ஓட்டை தெரிந்தால் அந்தக் காட்சியை மட்டும் திறந்து சரிசெய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கும், மெல்லிய கோடுகள் மங்கும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், ஃபைல் அப்படியே போகும்.